நாற்பத்தொன்றாம் எண் கல்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை அடுக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். செவ்வாய் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டி அனுப்புகிற படங்களை விரித்து வைத்துக்கொண்டு, பாறைகளில் எத்தனை அடுக்கு இருக்கிறது, எது முதலில் படிந்தது, எது அதன்மேல் வந்து உட்கார்ந்தது என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே வேலை. அதில் எட்டு வருஷம் வண்டியைக் கட்டி அனுப்பும்வரை காத்திருந்தது. மிச்ச மூன்று வருஷம் அது ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டிக்கு ஒரு கம்பீரமான பெயர் உண்டு. விழா நாட்களில் மட்டும் அதைச் சொல்வார்கள். மற்ற நாட்களில் அது ஆமை. மணிக்கு நாற்பது அடி நகர்ந்தால் அன்றைக்கு ஆமை ஓட்டமாக ஓடியது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை காலையில் வந்த படங்களில் அந்தக் கல் இருந்தது. அவள் கற்களுக்குப் பெயர் வைப்பதில்லை, எண்தான். இது நாற்பத்தொன்று. கட்டில் நீளம், முழங்கால் உயரம். காற்று ஒரு பக்கத்தை அரித்து அரித்து, வாள் வைத்து அறுத்த பலகைபோல நிமிர்த்தி வைத்திருந்தது. அந்த முகம் முழுக்க விரல்கனம்கூட இல்லாத அடுக்குகள். வெளிறியது ஒன்று, அதன்மேல் கறுத்தது ஒன்று, மறுபடி வெளிறியது. சேற்றுத் தண்ணீர் வந்து தேங்கி, சேறு அடங்கி, தெளிந்து, மறுபடி சேற்றுத் தண்ணீர் வந்து. மனிதன் என்ற ஒன்று தலையெடுப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்னால் நடந்த விஷயம். எண்ணினாள். முதல் தடவை இருநூற்றுப் பத்து. இரண்டாம் தடவை இருநூற்றுப் பன்னிரண்டு. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மூன்றாம் தடவை எண்ணியபோதும் இருநூற்றுப் பன்னிரண்டு.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது அதனால் அல்ல. கீழிருந்து எண்பத்து மூன்றாவது அடுக்கு மட்டும் நேர்கோடாக இல்லாமல் நெளிந்திருந்தது. முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு கீழே பார்த்தால் மணல் வரிவரியாகத் தெரியுமே, அந்த மாதிரி நெளிவு. அது அலை போட்ட வரி என்றால், அந்த ஏரியின்மேல் காற்று பட்டிருக்கிறது. காற்று பட்டிருந்தால் அது பனிக்கட்டி மூடிய ஏரி இல்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த ஏரி. இந்த ஒரு கேள்விக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து உலகத்தில் பாதிப் பாறை நிபுணர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தார்கள். ஆனால் தூரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆமை பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கையை நீட்டி, கைநுனியில் இருக்கிற கேமராவால் அடுக்கு அடுக்காகப் படம் எடுக்க வேண்டும். மூன்று நாள் வேலை.

அன்றைக்கே கூட்டத்தில் கேட்டாள்.

இயக்குநர் நல்ல சட்டை போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். யாரையும் சத்தம் போட்டதே இல்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. படத்தைப் பார்த்தார், தலையாட்டினார்.

"அழகா இருக்கு. ஆனா எட்டாம் தேதி ஆமைக்கு ஆயிரமாவது நாள். அமைச்சர் வர்றார். அன்னைக்கு மேட்டு உச்சியிலேருந்து ஒரு பெரிய படம் காட்டறதா சொல்லியாச்சு. நாளைக்குக் கிளம்பினாதான் போய்ச் சேர முடியும்."

"சார், அந்த மேடு அடுத்த மாசமும் அங்கேயேதான் இருக்கும்."

"உங்க கல்லு மட்டும் எங்க ஓடிடப் போகுது? திரும்பி வரும்போது பாத்துக்கலாம்."

"திரும்பி வர்ற வழியே திட்டத்துல இல்லையே சார். மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினா இறங்கினதுதான்."

"மேடம்," என்றார் அவர், இன்னும் மெதுவாக. "எல்லாருக்கும் அவங்கவங்க கல்லு பெருசுதான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அப்ப கல்லைச் சுத்தியாவது போகட்டும். பின்னாடி வேற வண்டி அனுப்பினாலும் பாக்கறதுக்கு அது முழுசா இருக்கணும்" என்றாள். அதற்கு அவர் சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அன்றைய பாதை வரைபடத்தை அனுப்பினாள். ஆமை போகக்கூடாத இடங்களைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுவதும் அவள் பொறுப்பு. நாற்பத்தொன்றைச் சுற்றி எட்டடிக்கு ஒரு வட்டம். அனுப்பிவிட்டு, ஆமையை ஓட்டுகிறவரின் மேஜைக்கு நேரிலும் போய்ச் சொன்னாள்.

ஓட்டுகிறவர் என்றால் ஸ்டியரிங் பிடிப்பவர் இல்லை. இத்தனை அடி போ, இந்த இடத்தில் திரும்பு, இங்கே நில், கையை நீட்டிப் படம் எடு என்று கட்டளைகளை எழுதி அனுப்புகிறவர். அதனால் அவர் பெயர் டிரைவர். வாழ்நாளில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் பஸ்ஸில் வந்து போகிற டிரைவர். அவளைவிட இரண்டு வயது சின்னவர். பதினோரு வருஷமாகத் தினமும் பதினோரு மணிக்கு இரண்டு பேரும் கூடத்து ஜன்னலோரம் நின்று டீ குடிப்பார்கள். அவர் மூத்த பையனின் காய்ச்சலிலிருந்து அவள் மாமியாரின் நாக்குவரை அந்த ஜன்னலுக்குத் தெரியாதது இல்லை.

"நாப்பத்தொண்ணு பத்திரம்," என்றாள்.

"பாத்துக்கறேன் அக்கா. என் தலை மேல ஏத்தினாலும் அது மேல ஏத்த மாட்டேன்."

மூன்று மணிக்குப் படங்கள் வந்தன. ஆமையின் பின்பக்கக் கேமரா எடுத்தது முதலில் திறந்தது. மணலில் இரண்டு தடம். வலது தடம் நேராக வந்து, கல் இருந்த இடத்தில் ஏறி, இறங்கி, இந்தப் பக்கம் வந்திருந்தது. கல்லின் நடுப்பகுதி இல்லை. தட்டிப்போட்ட ஓடுகள்போலச் சில்லுகளும், நடுவில் மாவு மாதிரி ஒரு குவியலும் கிடந்தன.

அவள் சத்தம் போடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தபோது அது சுவரில் போய் மோதியது, அவ்வளவுதான். நேராக டிரைவரிடம் போனாள். அவள் வருவதைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். எழுந்து நின்ற விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சக்கரம் வழுக்கிடுச்சுக்கா. மணல் இளகலா இருந்துச்சு."

"அனுப்பின கட்டளையக் காட்டு."

"அக்கா..."

"காட்டுப்பா."

காட்டினார். வழுக்கவில்லை. பாதையே நேராகத்தான் போட்டிருந்தது. சுற்றிப் போனால் இளகிய மணலில் இறங்க வேண்டும், நின்று நின்று சோதித்துப் போக வேண்டும், ஒரு நாள் போய்விடும். ஒரு நாள் போனால் எட்டாம் தேதிக்கு மேடு கிடையாது. பதினொன்று நாற்பதுக்கு இயக்குநர் வரைபடத்தைத் திறந்து சிவப்பு வட்டத்தை எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டு, இதைவிடப் பெரிய கல்லெல்லாம் ஆமை ஏறி இறங்கியிருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்.

"பதினொண்ணு நாப்பதுக்கு நான் எங்க இருந்தேன்?"

அவர் திரையைப் பார்த்தார்.

"இருபதடி தள்ளி உக்காந்திருந்தேன். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்ல உனக்குக் கால் இல்லையா?"

"மேலிடத்துல சொல்றாங்க, நான் என்னக்கா பண்றது?"

"முந்நூறு கோடி வருஷமா அது அங்க இருந்துச்சு. இடி, காத்து, வெயில், பனி எதுவும் ஒண்ணும் பண்ணல. கடைசியில வாயத் தொறக்காத ஒரு ஆளு போதுமா இருந்துச்சு."

அவர் முகம் சிவந்தது. அவளுக்கு அது போதவில்லை. கையில் எதையாவது எடுத்து அந்தத் திரையில் அடிக்க வேண்டும்போல இருந்தது. மேஜையில் ஒரு பேனாதான் கிடந்தது. திரும்பி நடந்தாள்.

கல் சும்மா உடையவில்லை. அடுக்குகளுக்கு நடுவே கத்தி விளிம்பு மாதிரி கெட்டித்துப் போயிருந்த கனிமக் கோடுகள் சக்கரத்தின் மெல்லிய தகட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தன. மறுநாள் காலையில் அது தெரியவந்தது. கல் உடைந்தால் கேட்க நாதியில்லை. சக்கரம் கிழிந்தால் விசாரணை உண்டு.

மத்தியானம் இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, ஒரு தாளை நகர்த்தினார். சம்பவ அறிக்கை. ஒரே பக்கம். 'வரைபடத்தில் குறிக்கப்படாத பாறையின்மீது வலது சக்கரம் ஏறியதால்' என்று ஆரம்பித்தது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்றில் டிரைவர் ஏற்கெனவே போட்டிருந்தார்.

"குறிக்கப்படாதது?" என்றாள்.

"கடைசியா அனுப்பின வரைபடத்துல வட்டம் இல்லையே."

"நீங்க எடுத்தீங்க."

"அதையெல்லாம் இதுல எழுத முடியுமா? பாருங்க, இது ஒரு சின்ன விடுபடல். மனுஷங்கதானே. உங்களை யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, நான் பாத்துக்கறேன்."

அவர் குரல் பட்டுத்துணி மாதிரி இருந்தது. அந்தக் குரலில் பேசியே எத்தனை பேர் தலையில் எத்தனை பழியைப் போட்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. தாளை எடுத்தாள். இரண்டாக மடித்தாள். கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்து?"

"படிச்சுட்டுச் சொல்றேன் சார். நான் மெதுவா எண்றவ."

வீட்டில் மூன்று பேர். அவள், கணவர், மாமியார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கிரீஸும் இருட்டுமாக இருந்துவிட்டு வருகிறவர், வீட்டில் சண்டை சச்சரவு வேண்டாம் என்று நினைக்கிற சாதுவான மனிதர். தாளைப் படித்துவிட்டு, "போட்டுக் கொடுத்துட்டு வேலையப் பாரேன். கல்லு உடைஞ்சது உடைஞ்சதுதான். ஒட்டவா போகுது?" என்றார்.

"ஒட்டாதுங்க. ஆனா உடைச்சது நான் இல்ல."

"அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். போதாதா?"

"போதாது."

மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மருமகளின் வேலையைப் பற்றி அவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் இல்லை. 'அங்க தண்ணி இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சா நம்ம குழாயில வருமா?' என்பது அவள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, ரெண்டையும் பக்கத்துல இருந்து பாத்தவ நான் ஒருத்திதான்' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். இப்போது கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் மூக்கு விடைத்தது.

"இதை அடிச்சவனுக்கு வெக்கமே இல்லையா? 'குறிக்கப்படாத'. யாரால குறிக்கப்படாத? எப்போ? ஆளே இல்லாத வாக்கியம். இந்த மாதிரி ஆயிரம் அடிச்சிருக்கேன் நான். செத்தவன் மேல பழி போடறதுக்குத்தான் இப்படி எழுதுவானுங்க. நீ உயிரோட இருக்கியே."

"அம்மா, நீ வேற தூண்டி விடாத," என்றார் மகன்.

"நீ சும்மா இருடா. உன் லிஃப்ட்டு அறுந்து விழுந்து, உன் மேல எழுதினா தெரியும்."

விசாரணை வெள்ளிக்கிழமை. வெளியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இயக்குநர், டிரைவர், அவள். அவள் ஒன்பதே காலுக்கு அனுப்பிய வரைபடத்தை வட்டத்தோடு அச்செடுத்து மூன்று பிரதி கொண்டுபோயிருந்தாள்.

"காலையில அனுப்பினது இது. பதினொண்ணு நாப்பதுக்கு வட்டத்தை எடுத்திருக்காங்க. எடுத்தது யாருன்னு கணினிப் பதிவுல இருக்கும்."

இயக்குநர் கலங்கவில்லை. "வரைபடம் ஒரு நாளைக்கு ஆறு தடவை மாறும். என் கணக்குலேருந்து யார் வேணும்னாலும் திறந்திருக்கலாம், அந்தக் கணினி பொது அறையில இருக்கு. எதை வெச்சுக்கணும், எதை எடுக்கணும்னு எல்லாரும் பேசித்தான் முடிவு பண்ணுவோம். அந்தப் பேச்சுல ஏதோ குழப்பம் ஆகியிருக்கு."

வந்தவர்களில் மூத்தவர் டிரைவரைப் பார்த்தார். "கல்லு மேலேயே நேராப் போகச் சொல்லி உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

அவள் டிரைவரின் கைகளையே பார்த்தாள். அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"எனக்கு ஞாபகம் இல்லை," என்றார் அவர்.

அதோடு முடிந்தது. மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. 'தகவல் பரிமாற்றக் குறைபாடு.' யார்மேலும் தவறில்லை. அவள்மேலும் இல்லை, ஏனென்றால் அவள் கையெழுத்துப் போடவில்லை. எவர்மேலும் இல்லாத தவறு ஒன்று செவ்வாயில் சில்லுசில்லாகக் கிடந்தது. ஆத்திரத்தில் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. கிழிந்த சக்கரத்தைச் சோதிக்காமல் ஆமையை நகர்த்தக்கூடாது என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஆமை நின்றது. உடைந்த கல்லுக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், சரியாக மூன்று நாள். எட்டாம் தேதி அமைச்சர் வந்தார். மேடு இல்லாமல் பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அவர் வித்தியாசம் தெரியாமல் கைதட்டிவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாளில் ஒரு மணி நேரமாவது கைநுனிக் கேமராவைத் தனக்குத் தரச்சொல்லி எழுதிக் கேட்டாள். இயக்குநர் மறுத்தார். கேமரா சக்கரத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

சக்கரத்தின் படங்கள் வந்தன. எண்பத்தாறு படம். அவளுக்கு அதில் வேலை இல்லை, இருந்தாலும் திறந்தாள். முதல் நாற்பதில் சக்கரம். அதற்கு மேல் ஒவ்வொன்றிலும் சக்கரம் ஓரமாக ஒதுங்கியிருந்தது. படத்தின் முக்கால் பங்கில், தெளிவாக, ஊசிமுனை மணலும் தெரிகிற மாதிரி, நாற்பத்தொன்றாம் எண் கல்லின் சில்லுகள். ஒரே பொருளை நாற்பத்தாறு கோணத்தில், தவறாமல், எடுக்கத் தெரிந்த கை ஒன்றுதான் அந்தக் கட்டிடத்தில் இருந்தது.

பன்னிரண்டு நாள் அவள் அந்தச் சில்லுகளோடு கிடந்தாள். காகிதத்தில் அச்செடுத்து, கத்தரித்து, தரையில் பரப்பி, ஓரத்துக்கு ஓரம் பொருத்தினாள். எண்பத்து மூன்றாவது அடுக்கு மூன்று துண்டாக உடைந்து, அதில் ஒன்று மேல்பக்கம் காட்டிக் கிடந்தது. மேலிருந்து பார்க்கும்போது சந்தேகமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சரிவு. ஓடுகிற தண்ணீர் போட்ட வரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இது முன்னும் பின்னும் ஆடிய தண்ணீர். அலை. அந்த ஏரியின்மேல் காற்று வீசியிருக்கிறது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டாள், ஒரு நிமிஷம். அப்புறம் எண்ணினாள். நூற்று ஐந்திலிருந்து நூற்று முப்பத்தைந்துவரை முப்பத்தோரு அடுக்கு எங்கும் இல்லை. மாவாகப் போயிருந்தன. அலைக்கு அப்புறம் அந்த ஏரிக்கு என்ன ஆனது, வற்றியதா, உறைந்ததா என்பதெல்லாம் அந்த முப்பத்தொன்றில்தான் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் டிரைவர் அவள் மேஜைக்கு வந்தார். பதினொரு மணி.

"படம் உதவுச்சாக்கா?"

"உதவுச்சு. ரொம்ப நன்றி."

அவர் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. "அன்னைக்கு என் நிலைமை... ரெண்டு பசங்க, வீட்டு வாடகை..."

"படத்துக்கு நன்றி சொன்னேன். மத்ததுக்கு இல்ல. யாரும் பாக்காத இடத்துல நல்லவனா இருக்கறது சுலபம். மூணு பேரு எதிர்ல கேட்டப்ப உனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சு. இனிமே ஜன்னல்கிட்ட எனக்காகக் காத்திருக்காத."

அவள் தலை நிமிரவில்லை. அவர் போய்விட்டார்.

கட்டுரை எழுதினாள். ஐந்தாம் பத்தியில் ஒரு வாக்கியம்: 'நூற்று ஐந்து முதல் நூற்று முப்பத்தைந்து வரையிலான அடுக்குகள், எழுத்துமூலம் எச்சரிக்கப்பட்டிருந்தும், இயக்குநரின் முடிவின்பேரில் வண்டியின் சக்கரத்தால் அழிக்கப்பட்டன.' இயக்குநர் அந்த வாக்கியத்தின்மேல் விரல் வைத்தார்.

"இது அறிவியல் கட்டுரை. இதுல இது எதுக்கு?"

"அடுக்கு ஏன் இல்லைன்னு படிக்கறவங்க கேப்பாங்க சார். காத்து அரிச்சதுன்னு நினைச்சுட்டா தப்பாயிடும்."

"எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டேன்."

"அப்ப இதுல என் பேர் வேண்டாம்."

"சரி சார்," என்றாள். அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. அறைக் கதவு திறந்திருந்ததால் கூடத்தில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். அவள் பொறுமையாக நின்று, அவர் முடிக்கும்வரை கேட்டு, அவர் பெயரின்மேல் அவர் எதிரிலேயே கோடு போட்டு, வெளியே வந்தாள்.

கட்டுரை அந்த வாக்கியத்தோடு வெளியானது. உலகத்தில் பாதிப் பாறை நிபுணர்கள் வாழ்த்து எழுதினார்கள். மறுபாதி திட்டி எழுதினார்கள். இரண்டு பாதியிலிருந்தும் பலர் ஐந்தாம் பத்தியைக் காட்டி, யார் இந்த இயக்குநர் என்று கேட்டிருந்தார்கள். கேள்வி சுற்றிச் சுற்றி மேலிடத்துக்குப் போனது. மேலிடம் மூன்று மாதம் யோசித்தது.

முடிவு வந்த அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது மாமியார் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"அந்தாளைத் தூக்கிட்டாங்களாமே?"

"தூக்கிட்டாங்க அத்தை."

"எங்க?"

"ரெண்டாவது மாடியிலேருந்து ஆறாவது மாடிக்கு. எல்லா வண்டிக்கும் சேத்து ஆலோசகர்."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் நீதிமன்றம் பார்த்த சிரிப்பு அது. கணவரும் சிரித்தார். அவள் மட்டும் கையில் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றாள். முப்பத்தொன்று என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. அப்புறம் உள்ளே போய், முகம் கழுவிக்கொண்டு, அந்த முப்பத்தோரு அடுக்கைப் பற்றி ஆறாவது மாடிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள்.